வெயிலில் உதறும் விண்கலம்: அறிகுறியை வைத்து வெப்ப அதிர்வைக் கண்டுபிடிக்கும் வழி

தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. காலையில் வெயில் ஏறும்போது கூரை 'டக்', 'டக்' என்று சத்தம் போடும். மாலையில் வெயில் இறங்கும்போது மறுபடியும் அதே சத்தம். நடுப்பகலில் கை வைத்தால் கொப்புளித்துவிடும் அளவுக்குத் தகரம் காய்ந்திருந்தாலும் சத்தமே இருக்காது. விண்கலத்திலும் இதே கதைதான். எவ்வளவு சூடு என்று கேட்டால் பதில் கிடைக்காது. எவ்வளவு வேகமாகச் சூடு ஏறுகிறது, எந்தப் பக்கம் மட்டும் ஏறுகிறது என்று கேட்க வேண்டும்.

பூமிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம், ஏறக்குறைய 96 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியின் நிழலுக்குள் போய்த் திரும்புகிறது. இருட்டிலிருந்து முழு வெயிலுக்கு வர அதற்கு எட்டு வினாடி போதும். நம் ஊர் விடியலைப் போல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் விடியல் அல்ல அது. ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட் வெயில், எட்டு வினாடியில், ஒரு பக்கத்தில் மட்டும் விழுகிறது. சூடான பக்கம் நீள்கிறது, மறுபக்கம் அப்படியே இருக்கிறது, பொருள் வளைகிறது. அந்த வளைவு மெதுவாக வந்தால் யாருக்கும் தெரியாது. வேகமாக வந்தால் ஆட்டமாகிவிடும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

எந்த அறிகுறியானாலும் மூன்று வரைபடங்களை ஒரே நேர அச்சில் ஒன்றின்கீழ் ஒன்றாக வையுங்கள்: ஜைரோ காட்டும் சுழற்சி வேகம், சோலார் பேனலின் மின்னோட்டம், எதிர்வினைச் சக்கரங்களின் (சுழன்று கலத்தை எதிர்த்திசையில் திருப்பும் சக்கரங்கள்) வேகம். வெப்பநிலை வரைபடத்தை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வெப்ப உணரி பெரும்பாலும் பேனலின் பின்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அது விழித்துக்கொள்ளும் நேரத்தில் ஆட்டம் பாதி முடிந்திருக்கும். மின்னோட்டம் அப்படியல்ல. வெயில் பட்ட கணத்தில் எகிறும். சூரிய உதயத்தைக் காட்ட அதைவிட நல்ல கடிகாரம் கலத்தில் இல்லை.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் வீணானது. ஒரு கலத்தின் ஜைரோ பதிவில் ஒவ்வொரு சுற்றிலும் உதயத்தை ஒட்டி ஓர் ஆட்டம் தெரிந்தது. 'வெப்பம்தான்' என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன், அதற்கென்று ஒரு கணக்கும் போட்டு முடித்தேன். பிறகுதான் மின்னோட்ட வரைபடத்தைக் கீழே வைத்துப் பார்த்தேன். ஆட்டம் தொடங்கியது வெயில் வருவதற்கு நாற்பது வினாடி முன்பு. உதயத்துக்குத் தயாராகட்டும் என்று பேனலைத் திருப்பும் மோட்டாரை முன்கூட்டியே இயக்கிவைக்கும் கட்டளை ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. வெயில் வருமுன் தொடங்கும் ஆட்டத்துக்கு வெப்பத்தைக் குறை சொல்லாதீர்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்றும் உண்டு. பத்து வினாடிக்கு ஒரு முறை மட்டும் அளவு பதிவானால், பத்து வினாடிக்கு ஒரு முறை ஆடும் பொருள் நேர்கோடாகவே தெரியும். ஆட்டமே இல்லை என்று முடிவு கட்டுவதற்குமுன், பதிவு எவ்வளவு அடிக்கடி எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். வினாடிக்குச் சில முறையாவது வேண்டும்.

கடைசியாக ஒரு எளிய சோதனை. கலம் நிழலுக்குள்ளேயே போகாத பருவம் சில சுற்றுப்பாதைகளுக்கு உண்டு. அந்த நாட்களிலும் ஆட்டம் அதே நேரத்தில் அதே அளவில் வந்தால், உதயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பூமியிலிருந்து பார்த்தால் கலம் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் இது இன்னும் எளிது: அங்கே நிழல் விழுவது மார்ச், செப்டம்பர் மாதங்களைச் சுற்றிய இரு பருவங்களில் மட்டும்தான், நாளொன்றுக்கு அதிகபட்சம் 72 நிமிடம். ஆண்டில் இரண்டு முறை மட்டும் தலைகாட்டும் கோளாறு என்றால் எனக்கு உடனே நிழல்தான் நினைவுக்கு வரும்.

அறிகுறி: உதயத்தில் ஒரே ஓர் உதறல், அஸ்தமனத்தில் எதிர்த்திசையில் இன்னொன்று

ஜைரோ வரைபடத்தில் இதன் முகம் தெளிவானது. வெயில் பட்டதும் சுழற்சி வேகம் சட்டென்று ஒரு பக்கம் தாவி, பிறகு மெல்ல வழிந்து இறங்கும். நிழலுக்குள் போகும்போது அதே வடிவம் தலைகீழாக வரும். இந்தத் திசைமாற்றத்தைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சக்கரமோ எரிபொருள் தளும்பலோ இப்படி உதயத்துக்கு ஒரு பக்கம், அஸ்தமனத்துக்கு மறுபக்கம் என்று கணக்கு வைத்து ஆடாது.

தோணியில் நிற்பவர் முன்னால் நடந்தால் தோணி பின்னால் நகரும் அல்லவா? பேனல் ஒரு பக்கம் வளைந்தால் கலத்தின் உடல் மறுபக்கம் திரும்புகிறது. வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை. கோண உந்தம், அதாவது சுழற்சியின் மொத்தக் கணக்கு, மாறவில்லை. இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பேனலின் இரு முகங்களுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வித்தியாசம் சீராக ஏறிக்கொண்டிருந்தால் கலம் சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஏறும் வேகம் மாறும்போதுதான் முறுக்கு விசை பிறக்கிறது. ஆகவே வரைபடத்தில் உச்ச வெப்பநிலையைத் தேடாதீர்கள், வெப்பநிலைக் கோடு முறியும் இடத்தைத் தேடுங்கள். அந்த முறிவு நிழலின் ஓரத்தில் இருக்கும்.

1991 செப்டம்பரில் டிஸ்கவரி விண்ணோடம் கொண்டுபோன யு.ஏ.ஆர்.எஸ். என்ற மேல்வளிமண்டல ஆய்வுக் கலம் இதற்குப் பாடநூல் உதாரணம். அதற்கு ஒரே ஒரு சோலார் இறக்கை, அதுவும் ஒரு பக்கத்தில். இரண்டு பக்கமும் இறக்கை இருந்திருந்தால் ஒன்றின் உதறலை மற்றது ஓரளவு சமன் செய்திருக்கும். ஒற்றை இறக்கைக்கு அந்தத் துணை இல்லை. ஒவ்வொரு உதயத்திலும் அஸ்தமனத்திலும் கலம் உதறியது. லேண்ட்சாட்-4, லேண்ட்சாட்-5 கலங்களிலும் இதே வகை உதறல் பதிவாகியிருக்கிறது.

ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் கலத்தில் என்ன செய்யலாம்? உதறல் எப்போது வரும் என்று வினாடிக் கணக்கில் முன்கூட்டியே தெரியும். ஆகவே எதிர்வினைச் சக்கரத்துக்கு முன்னதாகவே எதிர் முறுக்கைக் கொடுத்துவைக்கலாம். அதைவிட மலிவான வழி, நிழல் ஓரத்தைக் கடந்து சில நிமிடங்களுக்குப் படம் எடுக்காமல் இருப்பது. கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இன்னும் வரைபலகையில் இருக்கும் கலம் என்றால், பேனலின் முகத்தகட்டை அலுமினியத்திலிருந்து கார்பன் இழைக்கு மாற்றுங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும்; இழைகளைச் சரியாக அடுக்கிய கார்பன் தகடு அதில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது.

அறிகுறி: உதயத்தில் தொடங்கி நெடுநேரம் ஊசலாடுகிறது

ஓர் உதறலோடு நிற்காமல், ஊஞ்சலைத் தள்ளிவிட்டதுபோல் ஒரே தாளத்தில் ஆட்டம் தொடர்கிறதா? தாளத்தை அளந்துகொள்ளுங்கள். அது பேனலின் அல்லது நீண்ட கழியின் இயல்பு அதிர்வெண்ணோடு (தட்டிவிட்டால் தானாக ஆடும் தாளம்) பொருந்தினால், வெப்பம் அந்த உறுப்பின் சொந்த ஆட்டத்தைத் தட்டி எழுப்பிவிட்டது என்று பொருள்.

ஹப்பிள் தொலைநோக்கியைவிட இதற்குப் பெரிய சாட்சி இல்லை. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஹப்பிளின் கண்ணாடிக் கோளாறு உலகம் முழுக்கத் தெரிந்தது. அதன் சோலார் இறக்கைகளின் கோளாறு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. பாய்போல் சுருட்டி வைக்கக்கூடிய சோலார் விரிப்பு, அதை இழுத்துப் பிடிக்க மெல்லிய எஃகுக் கழிகள். கழி என்றால் முழுக் குழாய் அல்ல. அளவுநாடாபோல் சுருட்டி வைத்த இரண்டு எஃகுப் பட்டைகள் வெளியே வரும்போது ஒன்றுக்குள் ஒன்று மடங்கிக் குழாயாக உருவெடுக்கும். அழகான ஏற்பாடுதான். வெயில் பட்டதும்தான் வினை.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஹப்பிள் கழியின் அளவுக்கு அருகிலேயே: நீளம் 6 மீட்டர், விட்டம் 22 மில்லிமீட்டர். துருப்பிடிக்காத எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு நீளும். வெயில் பக்கம் நிழல் பக்கத்தைவிட 10 டிகிரி சூடு என்று வைத்துக்கொண்டால், ஆறு மீட்டரில் ஒரு பக்கம் மற்றதைவிட 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீள்கிறது. ஒரே ஒரு மில்லிமீட்டர், விரல் நகத்தின் விளிம்பளவு. ஆனால் அந்த இரு பக்கங்களும் 22 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. ஆகவே தடையின்றி வளையவிட்டால் கழியின் நுனி சுமார் இரண்டரை டிகிரி திரும்பி, ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் விலகிவிடும். மெல்லிய நீண்ட உறுப்புகளைப் பார்த்து வெப்பப் பொறியாளர்கள் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம்.

வளைவு இவ்வளவு என்பது சரி, அது ஏன் ஆட்டமாக வேண்டும்? தராசுத் தட்டில் எடைக்கல்லைக் கையால் தாங்கி மெல்ல இறக்கினால் தட்டு நிதானமாகத் தாழும். சட்டென்று விட்டால் தாழ வேண்டிய அளவுக்கு ஏறக்குறைய இரு மடங்கு தாழ்ந்து, பிறகு மேலும் கீழும் ஆடும். வெப்பமும் அப்படித்தான் என்று 1950களில் புரூனோ போலி (Boley) என்ற பொறியியல் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். உறுப்பு ஒரு முறை ஆடி முடிக்கும் நேரத்தைவிட வெப்பம் மிக வேகமாக ஏறினால், வளைவு இரு மடங்குவரை போகும். மிக மெதுவாக ஏறினால் ஆட்டமே பிறக்காது. இடையில் உள்ளதெல்லாம் இந்த இரண்டு நேரங்களின் விகிதத்தைப் பொறுத்தது.

ஹப்பிளில் அந்த நேரங்களை எடுத்து வையுங்கள். முழு இருளுக்கும் முழு வெயிலுக்கும் இடைப்பட்ட அரைநிழலைக் கடக்க எட்டு வினாடி. கழியின் குறுக்கே வெப்பநிலை வித்தியாசம் நிலைகொள்ளச் சில பத்து வினாடி. இறக்கை ஒரு முறை ஆட, 0.1 ஹெர்ட்ஸ் கணக்கில், பத்து வினாடி. எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. அந்தத் தொலைநோக்கியிடம் எதிர்பார்த்ததோ, 0.007 விகலைக்குமேல் அசையாத பார்வை. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு விகலை. அதில் ஆயிரத்தில் ஏழு பங்கு.

முதலில் திசைக்கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தி ஆட்டத்தை ஓரளவு அடக்கினார்கள். 1993 டிசம்பரில் பழுதுபார்க்கப் போன விண்வெளி வீரர்கள் இறக்கைகளையே மாற்றினார்கள். புதியவற்றின் கழிகள்மேல் துருத்திபோல் மடிந்து விரியும் உறைகள் இருந்தன. கழிமேல் நேரடியாக வெயில் படாது. பழைய இறக்கைகளில் ஒன்று கழி கோணிப்போய்ச் சுருள மறுத்தது. கேத்ரின் தார்ன்டன் அதை விண்ணோடத்தின் இயந்திரக் கை நுனியில் நின்றபடி விண்வெளியில் விட்டுவிட்டார். 2002 மார்ச்சில் சுருட்டும் ஏற்பாட்டுக்கே முழுக்குப் போட்டு, சிறிய, விறைப்பான பேனல்களைப் பொருத்தினார்கள். என் கணிப்பில் அதுதான் உண்மையான தீர்வு. விறைப்பு கூடினால் ஆட்டத்தின் நேரம் சுருங்கும். வெப்பம் அதைவிட மெதுவானதாகிவிடும்.

அறிகுறி: ஆட்டம் தணியாமல் வளர்கிறது

இது வந்தால் உடனே கவனியுங்கள். முதலில் கட்டுப்பாட்டு அமைப்பைச் சந்தேகியுங்கள், வெப்பத்தை அல்ல. கட்டுப்பாட்டின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆட்டமும் குறைந்தால், ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருந்தது சக்கரங்கள்தான். குறையாமல், கலம் வெயிலில் இருக்கும்வரை மட்டும் ஆட்டம் உயிரோடு இருந்தால், வெப்பமே தள்ளுகிறது.

எப்படித் தள்ளும்? கழி வளையும்போது வெயில் விழும் கோணம் மாறுகிறது. கோணம் மாறினால் ஏறும் சூடு மாறுகிறது. சூடு மாறினால் வளைவு மாறுகிறது. ஆனால் சூடு எப்போதும் சற்றுப் பிந்தியே வரும். அந்தப் பிந்தலின் அளவு பொருந்தாத இடத்தில் பொருந்திவிட்டால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சரியான கணத்தில் ஒரு தள்ளு விழும். தணிப்பு குறைவான கழியாக இருந்தால் ஆட்டம் பெருகும். வெட்டு வாயோடு மடிந்த பட்டைக்குழாய்க்கு முறுக்கத்தைத் தாங்கும் வலு மிகக் குறைவு. அது வளைந்துகொண்டே முறுகவும் செய்வதால் இந்தத் தொல்லை அதற்கு எளிதில் வரும்.

1967 ஜூலையில் ஏவப்பட்ட ஓ.ஜி.ஓ.-4 கலத்தின் 60 அடிக் கழி இப்படித்தான் ஆடி, திசைக்கட்டுப்பாட்டைத் தடுமாறச் செய்தது. அந்தக் காலத்தில் கண்டுபிடித்த மருந்து எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: கழியின் வெளிப்புறத்துக்கு வெள்ளிப் பூச்சு, உட்புறத்துக்குக் கறுப்பு, சுவர் முழுக்கச் சிறு துளைகள். வெளியில் படும் வெயில் பெரும்பாலும் தெறித்துப்போகும். துளை வழியாக உள்ளே நுழைவது எதிர்ச்சுவரைச் சூடாக்கும். இரு பக்கமும் ஒரே சூட்டுக்கு வந்தால் வளைய ஒன்றுமில்லை. இதற்கும் துளைபோட்ட இட்டலித் தட்டுக்கும் ஏதோ உறவு இருப்பதுபோல் தோன்றும்.

சுழலும் கலங்களில் இதே நோய் வேறு வேடத்தில் வரும். 1990 அக்டோபரில் சூரியனை ஆராயக் கிளம்பிய யுலிசஸ், நிமிடத்துக்கு ஐந்து முறை சுழன்றுகொண்டிருந்தது. நவம்பரில் 7.5 மீட்டர் அச்சுக் கழியை நீட்டியதும் பம்பரம் தள்ளாடுவதுபோல் தள்ளாடத் தொடங்கியது. சுழலும் கழிமேல் வெயில் ஒரு பக்கமாகவே விழுந்ததுதான் காரணம். பூமியிலிருந்து அனுப்பிய வானொலி அலையைப் பின்தொடரும் கட்டுப்பாட்டை வைத்துத் தள்ளாட்டத்தை அடக்கினார்கள். கழி கலத்தின் நிழலுக்குள் போனதும் தொல்லை நின்றது. மறுபடியும் வெயில் படும் காலம் எப்போது வரும் என்று முன்பே கணக்கிட்டு வைத்திருந்ததால், 1994இலும் அதன் பிறகும் அது திரும்பி வந்தபோது யாரும் பதறவில்லை.

சுழலும் கலத்தில் தள்ளாட்டம் இல்லாமல் சுழற்சி மட்டும் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்துவருகிறதா? 1962இன் கனடியக் கலம் அலூயெட்-1 நினைவுக்கு வர வேண்டும். நுனிக்கு நுனி சுமார் 46 மீட்டர்வரை நீண்ட ஆன்டெனாக்கள் வெயிலில் வளைந்து, வளைந்த ஆன்டெனாவில் சூரிய ஒளியின் அழுத்தம் சமமில்லாமல் விழுந்து, சுழற்சியைத் தின்றது. இது அதிர்வு அல்ல, ஆனால் வேர் அதே வேர்.

அறிகுறி: நேரம் காலம் இல்லாமல் சிறு 'டக்'குகள்

ஜைரோவில் கூர்மையான, மிகச் சிறிய முட்கள். ஒரே இடைவெளியில் வராது, ஒரே அளவிலும் வராது. ஆனால் நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் வெப்பநிலை மாறிக்கொண்டிருக்கும் நேரங்களில் அடர்த்தியாக இருக்கும். தகரக் கூரையின் நேரடி வாரிசு இதுதான். இரண்டு உறுப்புகள் வெவ்வேறு அளவில் நீள விரும்புகின்றன. இடையில் உள்ள கீலோ திருகோ உராய்வால் பிடித்து வைத்திருக்கிறது. இழுவை கூடிக் கூடி, ஒரு கணத்தில் வழுக்குகிறது. சேர்த்துவைத்த ஆற்றல் முழுக்க அந்த ஒரு கணத்தில் வெளியே வருகிறது.

2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா கலம் விண்மீன்களின் இடத்தை அளப்பதற்கென்றே இருந்ததால், இத்தகைய நுண் உதறல்களை ஏராளமாகப் பிடித்துக் காட்டியது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி குளிர்ந்துகொண்டிருந்த மாதங்களில் கண்ணாடித் துண்டுகள் திடீரென்று இம்மியளவு சாய்ந்ததும் இதே குடும்பம். தேங்கிய இறுக்கம் விடுபட விடுபட அது குறைந்தது. உங்கள் கலத்திலும் இதைத்தான் முதலில் பாருங்கள்: வாரங்கள் போகப் போக டக்குகள் குறைகின்றனவா? குறைந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே அடர்த்தியில் வந்தால், ஏதோ ஒரு கீல் தினமும் பலமுறை வழுக்கிக்கொண்டே இருக்கிறது. பறக்கும் கலத்தில் அதற்கு மருந்தில்லை. தரவிலிருந்து களைந்துகொள்ள வேண்டியதுதான். அடுத்த கலத்தில் வழுக்கும் இணைப்பை விட்டுவிட்டு வளையும் தகட்டு இணைப்பைப் போடுங்கள்.

அறிகுறி: ஹீட்டர் எரியும்போதெல்லாம் ஒரு முள்

வெயிலைத் தேடி அலைய வேண்டாம், குற்றவாளி உள்ளேயே இருக்கிறது. ஹீட்டர் இயங்கும், நிற்கும் நேரங்களை ஜைரோ அல்லது முடுக்கமானி (வேகத்தில் வரும் நுண் மாற்றத்தை அளக்கும் கருவி) பதிவின்மேல் வைத்துப் பாருங்கள். பூமியின் ஈர்ப்பை அளக்க 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைக் கலங்களின் முடுக்கமானிகள் மிக நுட்பமானவை. ஹீட்டர் இயங்கும்போதும் நிற்கும்போதும் அவற்றில் முட்கள் விழுந்தன. தகடு அதிர்வதுபோன்ற இன்னொரு வகை ஆட்டமும் அவற்றில் இருந்தது.  ஆனால் எச்சரிக்கை: முள் வெப்பத்தால் வந்ததா, ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டத்தால் வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். ஹீட்டர் இயங்கிய அதே கணத்தில் முள் விழுந்தால் மின்சாரத்தின்மேல் சந்தேகம் போக வேண்டும். உலோகம் சூடேறி அசையச் சிறிது நேரமாவது ஆகும். முழு வேகத்தில் எரிந்து அணையும் ஹீட்டருக்குப் பதிலாக, குறைந்த சக்தியில் தொடர்ந்து எரியும் ஏற்பாடு இருந்தால் தொல்லை பெரும்பாலும் அடங்கும்.

'தரையில் சோதித்தபோது ஒன்றுமே இல்லையே?'

இருக்காது. வெற்றிடக் கூடத்தில் வெப்பச் சோதனை நடத்தும்போது கலத்தை மணிக்கணக்கில் சூடாக்கி, மணிக்கணக்கில் குளிர வைக்கிறோம். எட்டு வினாடி உதயம் அங்கே இல்லை. நீண்ட பேனலைத் தொங்கவிட்டால் புவியீர்ப்பு அதை வேறு மாதிரி இழுக்கிறது; காற்றில் சோதித்தால் காற்றே ஆட்டத்தைத் தணித்துவிடுகிறது. கீல்களில் உள்ள தளர்வு எடையால் ஒரு பக்கமாக இறுகிவிடுவதால், மேலே போய் டக் டக் என்று பேசப்போகும் இணைப்பு கீழே வாய் திறக்காது. செய்யக்கூடியது இதுதான்: முழுப் பேனல் வேண்டாம், அதன் ஒரு துண்டை வெற்றிடத்தில் வைத்து, விளக்கின் முன் உள்ள மறைப்பைச் சட்டென்று விலக்கி, இரு முகங்களின் வெப்பநிலையையும் வினாடிக்கு வினாடி அளந்துகொள்ளுங்கள். அந்த வளைகோடு கையில் இருந்தால், இறக்கையின் இயல்பு அதிர்வெண்ணை அதன் பக்கத்தில் எழுதிவைத்து, ஏவுவதற்கு முன்பே மேலே சொன்ன அறிகுறிகளில் எது வரும் என்று காகிதத்திலேயே பார்த்துவிடலாம்.